சைவம், வீகன், லேசான வீட்டுச் சமையல்: குறிப்பு எழுதிப் பகிர்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"அதை எப்படிச் செய்தாய், எழுதிக் கொடேன்" என்று யாராவது கேட்கும்வரை சமையல் சுலபம். எழுத உட்கார்ந்ததும்தான் எண்ணெய் எத்தனை ஸ்பூன், எவ்வளவு நேரம் வதக்கினோம் என்று ஒன்றும் சொல்லத் தெரியாமல் முழிப்போம். முட்டை, பால் இல்லாத சமையலிலும் எண்ணெய் குறைத்த சமையலிலும் இந்தத் தடுமாற்றம் இன்னும் அதிகம். அப்படி எழுதிப் பகிர்கிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும், எனக்குத் தெரிந்த பதில்களும் கீழே.

சைவத்துக்கும் வீகனுக்கும் என்ன வித்தியாசம்? தலைப்பில் எதைப் போடுவது?

சைவத்தில் இறைச்சி, மீன் கிடையாது, பால் இருக்கலாம். வீகனில் விலங்கிடமிருந்து வரும் எதுவுமே கிடையாது. பால், தயிர், வெண்ணெய், முட்டை, தேன் எல்லாம் போய்விடும். தமிழில் நனிசைவம் என்றும் எழுதுகிறார்கள். இங்கிலாந்தில் வெஜிடேரியன் சொசைட்டி 1847ல் தொடங்கியது. பாலும் முட்டையும்கூட வேண்டாம் என்று சொன்ன டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் 1944ல் தனியாக வீகன் சொசைட்டியை ஆரம்பித்தார்கள். வெஜிடேரியன் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்தையும் கடைசி இரண்டையும் ஒட்ட வைத்து உண்டாக்கிய பெயர்தான் வீகன்.

குழப்பம் முட்டையில்தான். 'சைவம்' என்று நீங்கள் எழுதினால், படிப்பவர்களில் ஒருவர் முட்டை உண்டு என்று நினைப்பார், இன்னொருவர் இல்லை என்று நினைப்பார். தலைப்புக்குக் கீழே "பால் உண்டு, முட்டை இல்லை" என்று ஒரு வரி போட்டுவிட்டால் முடிந்தது.

வீகன் என்று எழுதிவிட்டு அப்புறம் மாட்டிக்கொள்வது எந்தப் பொருட்களில்?

நான் மாட்டிக்கொண்டது தேனில். கூட வேலை செய்யும் ஒருவருக்காக அடுப்பில் சுட்ட கேரட் செய்து கொண்டுபோனேன். வெண்ணெய் இல்லை, எண்ணெய்தான் என்று பெருமையாகச் சொன்னேன். "மேலே பளபளப்பாக இருக்கிறதே, என்ன தடவினாய்?" என்று கேட்டார். தேன். அவர் சிரித்துக்கொண்டே டப்பாவை மூடி என் பக்கம் தள்ளினார்.

பால், முட்டை கண்ணுக்குத் தெரியும், மறைந்திருப்பவைதான் தொல்லை. ஜெல்லியிலும் மென்மிட்டாயிலும் இருக்கும் ஜெலட்டின் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சில சீஸ்களை உறைய வைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்ப்பதால், அவை வீகன் மட்டுமல்ல, சைவமும் இல்லை. பிஸ்கட், பிரெட், சிப்ஸ் லேபிளில் 'வே' (whey), 'கேசின்' (casein) என்று இருந்தால் இரண்டும் பாலிலிருந்து வந்தவை. சிவப்பு நிறத்துக்குச் சேர்க்கும் கார்மைன் ஒரு பூச்சியிலிருந்து எடுப்பது; லேபிளில் E120 என்றும் இருக்கும். கடையில் வாங்கும் சாஸ்களில் மீன் இருக்கலாம், சூப் கட்டிகளில் கோழிச் சாறு இருக்கலாம். ஆகவே பாக்கெட்டில் வரும் பொருளைக் குறிப்பில் சேர்த்தால், "வீகன் வகையா என்று லேபிளைப் பார்க்கவும்" என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

'லேசான' சமையல் என்றால் எதைச் சொல்கிறோம்?

இந்த வார்த்தைக்குள் பல விஷயங்கள் ஒளிந்துகொள்கின்றன. எண்ணெய் குறைவு என்று ஒருவர் சொல்வார், சீக்கிரம் செரிக்கும் என்று இன்னொருவர் சொல்வார், உப்பு காரம் கம்மி என்று மூன்றாமவர். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு பாக்கெட்டில் 'லைட்' என்று அச்சடிக்க வேண்டுமென்றால், அதே மாதிரியான மற்றப் பொருட்களைவிட ஏதோ ஒன்று குறைந்தது 30 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும். எது குறைந்தது என்றும் சொல்ல வேண்டும். வீட்டுக் குறிப்புக்கு அந்தச் சட்டம் இல்லைதான். ஆனாலும் எது குறைந்தது என்று சொல்வது நல்ல பழக்கம். "எண்ணெய் நாலு பேருக்கு இரண்டு டீஸ்பூன்" என்பதில் இருக்கும் தெளிவு 'ஹெல்தி' என்ற சொல்லில் கிடையாது.

இன்னொன்று: வீகன் என்பதாலேயே லேசாகிவிடாது. வெண்ணெயை எடுத்துவிட்டுத் தேங்காய்ப்பாலைத் தாராளமாக ஊற்றினால் அது வீகன்தான், ஆனால் லேசான பண்டம் இல்லை. தேங்காயின் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. முந்திரி விழுதுக்கும் இதே கதைதான், கொழுப்பின் வகை மட்டும் வேறு.

நானும் எண்ணெய் குறைவாகத்தான் ஊற்றுகிறேன். அளந்து எழுதுவது அவசியமா?

ஒருமுறை அளந்து பாருங்கள், அப்புறம் இந்தக் கேள்வியே வராது. நான் 'இரண்டு டீஸ்பூன்' என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்த குறிப்பை எழுதும்போது, வழக்கம்போல பாட்டிலைச் சாய்த்து, வாணலிக்குப் பதில் ஒரு கிண்ணத்தில் ஊற்றி அளந்தேன். ஏழு டீஸ்பூன் வந்தது. ஒரு டேபிள்ஸ்பூன், அதாவது மூன்று டீஸ்பூன் எண்ணெயில் சுமார் 120 கலோரி. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி. மாவுச்சத்தும் புரதமும் 4. மற்ற எல்லாக் காய்கறியும் சேர்ந்து தருவதை எண்ணெய் ஒன்றே தந்துவிடும் சமையலை லேசானது என்று பகிர்ந்துகொண்டிருந்திருக்கிறேன்!

எண்ணெயைக் குறைத்தால் ருசி போய்விடுகிறதே?

போகும், ஒன்றும் செய்யாமல் விட்டால். வெங்காயம் சிவக்கும்போது வருகிற வாசம் கிட்டத்தட்ட 140 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் வேகமாக உண்டாகும். தண்ணீர் 100ஐத் தாண்டாது. வாணலியில் ஈரம் இருக்கும்வரை வெங்காயம் வேகுமே தவிர சிவக்காது.

நான் செய்வது இப்படி. அடி கனமான வாணலியை நன்றாகச் சூடாக்கி, ஒரு டீஸ்பூன் எண்ணெய், வெங்காயம், ஒரு சிட்டிகை உப்பு. கிளறாமல் இரண்டு நிமிடம் விடுவேன். அடியில் பழுப்பாகப் பிடிக்க ஆரம்பித்ததும் ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீரைத் தெளித்துச் சுரண்டினால், பிடித்ததெல்லாம் வெங்காயத்தில் ஏறிக்கொள்ளும். தண்ணீர் வற்றி மறுபடி பிடிக்கும், மறுபடி தெளிப்பேன். மூன்று நாலு முறை ஆனதும் ஏழு ஸ்பூன் எண்ணெயில் வதக்கிய நிறம் வந்துவிடும். நேரம் மட்டும் கூடுதல். அதையும் குறிப்பில் மறைக்காமல் எழுத வேண்டும்.

மிச்சம் குறைவதை வேறு வழியில் ஈடுகட்டலாம். இறக்கியபின் எலுமிச்சைச் சாறு, காய்ந்த காளானை ஊற வைத்த தண்ணீர், சோயா சாஸ், சுண்ட வைத்த தக்காளி விழுது எதுவும் உதவும். காளான், தக்காளி, சோயா சாஸ் மூன்றிலும் குளுட்டமேட் இருக்கிறது. இறைச்சிச் சாறு தருகிற அதே நிறைவான ருசி அதிலிருந்துதான்.

கப், ஸ்பூன், கைப்பிடி: எதில் அளவு எழுதுவது?

கிராமில். மாவு, பருப்பு, காய்கறி எல்லாமே.

கப் என்பது இடத்துக்கு இடம் வேறு. அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. டீஸ்பூன் 5 மில்லி என்பது ஏறக்குறைய எங்கும் ஒன்று. ஆனால் டேபிள்ஸ்பூன் பல நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. ஒரே கப்பிலும் வித்தியாசம் வரும். மைதாவைக் கரண்டியால் மெல்ல நிரப்பினால் 120 கிராம், டப்பாவுக்குள் கப்பை விட்டு வாரினால் 150 வரைகூடப் போகும். முட்டை இல்லாத கேக்குக்கு இந்த 30 கிராம் போதும், கல்லாகிவிட.

கைப்பிடியைக் கேட்கவே வேண்டாம். என் கைப்பிடிக் கீரையை எடை மெஷினில் வைத்தேன், 22 கிராம். என் கணவரைப் பிடிக்கச் சொன்னேன், 37.

அதற்காக எல்லாவற்றையும் கிராமில் எழுதிப் பயமுறுத்தவும் வேண்டாம். சீரகம், மிளகு போன்றவை டீஸ்பூனில் இருக்கட்டும். மேலே தூவும் கொத்தமல்லிக்கு 'கொஞ்சம்' போதும். மாறினால் சமையல் கெடும் பொருளுக்கு எடை, கெடாத பொருளுக்குக் கண் அளவு.

'பத்து நிமிடம் வதக்கவும்' என்று எழுதினால் போதாதா?

உங்கள் அடுப்பு வேறு, அவர் அடுப்பு வேறு. நிமிடத்தை எழுதுங்கள், கூடவே கண்ணுக்கோ காதுக்கோ மூக்குக்கோ ஓர் அடையாளமும் கொடுங்கள். "வெங்காயம் கண்ணாடி போல ஆகும்வரை, சுமார் 6 நிமிடம்."

நாம் யோசிக்காமல் எழுதும் ஒரு வாக்கியம் இருக்கிறது: "எண்ணெய் பிரிந்து வரும்வரை வதக்கவும்." ஒரு டீஸ்பூன் எண்ணெயில் வதக்குகிறவருக்கு எங்கிருந்து பிரியும்? பாவம், தக்காளி கருகும்வரை நின்றுகொண்டிருப்பார். லேசான குறிப்புக்கு வேறு அடையாளம் வேண்டும். "கரண்டியால் விழுதைத் தள்ளினால் வாணலியின் அடி தெரிய வேண்டும், தெரிந்த இடம் உடனே மூடாமல் இருக்க வேண்டும்" என்று நான் எழுதுகிறேன். பச்சை வாசனை போய்விட்டது என்பதற்கும் அதுதான் சமயம்.

குக்கர் விசிலும் இப்படித்தான். எல்லாக் குக்கரும் விசில் அடிப்பதில்லை. "அழுத்தம் ஏறியபின் சிறு தீயில் 8 நிமிடம்" என்றால் யாருக்கும் புரியும். மலைப்பகுதியில் இருப்பவர் திறந்த பாத்திரத்தில் பயறு வேக வைத்தால் நேரம் கூடும். 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

'உப்பு தேவையான அளவு' என்று விட்டுவிடலாமா?

அனுபவம் உள்ளவருக்குச் சரி. முதல் தடவை செய்கிறவர் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிற்பார். ஆரம்ப அளவு ஒன்று கொடுத்துவிட்டு, "ருசி பார்த்துக் கூட்டவும்" என்று சேருங்கள். லேசான சூப், குழம்புக்கு நான் கிலோவுக்கு 6 கிராமில் தொடங்குவேன். தூள் உப்பு ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய அவ்வளவுதான். கல் உப்பு, செதில் உப்பு என்றால் அதே ஸ்பூனில் எடை குறையும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

முட்டைக்கும் பாலுக்கும் பதிலாக எதை எழுதுவது?

முதலில், அந்தப் பண்டத்தில் முட்டை என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். 'ஒரு முட்டைக்குப் பதில் இது' என்ற பட்டியல்கள் பாதி நேரம் காலை வாரும்.

பிடித்து வைக்கும் வேலை என்றால், அரைத்த ஆளி விதை ஒரு டேபிள்ஸ்பூனை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். கொழகொழவென்று வரும். பான்கேக், குக்கீ, காய்கறிக் கட்லெட்டுக்கு ஏற்றது. மசித்த வாழைப்பழமும் பிடிக்கும், ஆனால் எதில் போட்டாலும் வாழைப்பழம் மணக்கும்.

நுரைத்து எழும்பும் வேலை என்றால் ஆளி விதை ஒன்றுக்கும் உதவாது. அங்கே கொண்டைக்கடலை வேக வைத்த தண்ணீர்தான். 2014ல் பிரான்ஸின் ஜோயல் ரோசல் இந்தத் தண்ணீர் முட்டை வெள்ளைக்கரு போல நுரைக்கும் என்று காட்டினார். அடுத்த வருடம் அமெரிக்கரான கூஸ் வோல்ட் அதற்கு அக்வாஃபாபா என்று பெயர் வைத்தார். லத்தீனில் தண்ணீர், அவரை. ஒரு முட்டைக்கு மூன்று டேபிள்ஸ்பூன். டின்னிலிருந்து எடுத்தால் உப்பில்லாத டின்னாக இருக்கட்டும். வீட்டில் வேக வைத்ததென்றால் முதலில் கெட்டியாகச் சுண்ட வையுங்கள், நீர்த்திருந்தால் எவ்வளவு அடித்தாலும் நிற்காது.

கேக்கைப் பொங்க வைக்க மட்டும் என்றால் சோடா மாவும் வினிகரும் போதும். ஆனால் இரண்டும் சேர்ந்த அந்த நொடியே வேலை தொடங்கிவிடும். ஒருமுறை மாவைக் கலந்து வைத்துவிட்டு போனில் அரை மணி நேரம் பேசினேன். வெந்து வந்தது கேக் இல்லை, தட்டையான ஒரு பலகை. "ஓவன் சூடான பிறகே கலக்கவும்" என்ற வரி அன்றிலிருந்து என் எல்லாக் குறிப்பிலும் இருக்கிறது.

பாலுக்கு சோயா பால், ஓட்ஸ் பால், பாதாம் பால் எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்று என்று எழுதாதீர்கள். சோயா பாலில் ஒரு கப்புக்கு ஏறக்குறைய 7 கிராம் புரதம், பாதாம் பாலில் பெரும்பாலும் ஒரு கிராம்தான். புரதம் இருப்பதால்தான் சோயா பால் எலுமிச்சை பட்டதும் திரியும். மோர் வேண்டிய இடத்தில் அந்தக் குணம் கைகொடுக்கும். ஒரு கப் சோயா பாலுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. தக்காளி சூப்பில் அதே குணம் காலை வாரும். அங்கே அடுப்பை அணைத்தபின் கடைசியாக ஊற்றச் சொல்லுங்கள்.

பருப்பு, பயறு சமையலில் ஆபத்து என்று எழுத வேண்டியது ஏதாவது உண்டா?

ஒன்று கட்டாயம் உண்டு. சிவப்புக் கிட்னி பீன்ஸை, அதாவது ராஜ்மாவை, அரைவேக்காட்டில் சாப்பிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். அதிலிருக்கும் லெக்டின் என்ற புரதம்தான் காரணம். நாலைந்து பச்சைக் கொட்டைகளே போதும். குறைந்தது 5 மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் நன்றாகத் தளதளவென்று கொதிக்க வைக்க வேண்டும். மெதுவாக வேகும் எலக்ட்ரிக் பாத்திரத்தில் நேராகப் போடச் சொல்லி எழுதவே கூடாது. அதன் மிதமான சூட்டில் நஞ்சு அழிவதற்குப் பதில் கூடவும் செய்யலாம். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, பயமில்லை.

வடித்த சோறும் கவனம். வேக வைத்தாலும் சாகாத நுண்ணுயிர் வித்துகள் அதில் இருக்கலாம். வெளியே கிடந்தால் பெருகி நஞ்சைச் சுரக்கும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. மீந்த சோற்றில் செய்யும் குறிப்பு என்றால் "ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்த சோறு" என்று எழுதுங்கள்.

'சர்க்கரை நோய் குணமாகும்', 'ரத்தம் ஊறும்' என்றெல்லாம் சேர்க்கலாமா?

வேண்டாம். சமையல் குறிப்பு மருந்துச் சீட்டு இல்லை. சத்து பற்றிச் சொல்ல ஆசையாக இருந்தால் உறுதியானதை மட்டும் சொல்லுங்கள். செடி உணவில் இருக்கும் இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள எலுமிச்சை போன்ற வைட்டமின் சி உதவும்; சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் தடுக்கும். வைட்டமின் பி12 செடி உணவில் நம்பும்படி கிடையாது. முழு வீகனாக இருப்பவர் செறிவூட்டிய உணவிலிருந்தோ மாத்திரையிலிருந்தோதான் பெற வேண்டும். சுருள்பாசியில் (ஸ்பைருலினா) இருக்கிறது என்று யாராவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள், அதிலிருப்பதில் பெரும்பகுதி உடலுக்குப் பயன்படாத போலி பி12.

அலர்ஜி பற்றி?

பொருள் பட்டியலுக்கு மேலேயே எழுதுங்கள். வீகன் சமையல் பெரும்பாலும் சோயா, முந்திரி, வேர்க்கடலை, எள், கோதுமைப் புரதம் இவற்றின் மேல்தான் நிற்கிறது. அலர்ஜிப் பட்டியலில் முன்னால் நிற்பவையும் இவைதான். அமெரிக்காவில் 2023லிருந்து எள்ளையும் லேபிளில் கட்டாயம் காட்ட வேண்டும்.

வேறொருவரின் குறிப்பைப் பகிரலாமா?

பல நாடுகளில் வெறும் பொருள் பட்டியலுக்குப் பதிப்புரிமை கிடையாது. அவர் எழுதிய நடையும் எடுத்த படமும் அவருடையவை. செய்து பாருங்கள், உங்கள் சொற்களில் எழுதுங்கள், யாரிடம் கற்றீர்கள் என்று சொல்லுங்கள். செய்து பார்க்காமல் பகிர்வதுதான் எனக்குப் பெரிய குற்றமாகத் தெரிகிறது.

இரண்டு பேருக்கான குறிப்பை எட்டுப் பேருக்குப் பெருக்கினால் சரியாக வருமா?

காய், பருப்பு, உப்பு அப்படியே பெருகும். தண்ணீர் பெருகாது. ஆவியாவது பாத்திரத்தின் வாய் அகலத்தைப் பொறுத்தது. நாலு மடங்கு ஊற்றினால் நீர்த்துப்போகும். வதக்குவதை இரண்டு மூன்று தடவையாகப் பிரிக்கச் சொல்லுங்கள், ஒரே வாணலியில் குவித்தால் காய் தண்ணீர் விட்டு அவிந்துவிடும்.

ஒரு குறிப்பைச் சரியாக எழுதிக் காட்டுங்களேன்?

என் தங்கைக்கு முதலில் எழுதிக் கொடுத்தது இது: "மசூர் பருப்பு ஒரு டம்ளர், வெங்காயம், கேரட் வதக்கித் தண்ணீர் ஊற்றி வேகவிடு, உப்பு, எலுமிச்சை." சமைத்து முடிப்பதற்குள் நாலு தடவை போன் செய்தாள். அவள் டம்ளர் என்னுடையதைவிடப் பெரியது. சூப்புக்குப் பதில் களி மாதிரி ஒன்று வந்தது. அடுத்த வாரம் அவள் வீட்டுக்குப் போய், வாய் திறப்பதில்லை என்ற ஒப்பந்தத்தோடு பின்னால் நின்று, அவள் எங்கெல்லாம் தயங்கினாளோ அங்கெல்லாம் குறித்துக்கொண்டு திருத்தி எழுதியது இது:

மசூர் பருப்பு சூப். வீகன். நாலு பேருக்கு. எண்ணெய் மொத்தம் 2 டீஸ்பூன். சுமார் 45 நிமிடம்.

மசூர் பருப்பு (தோல் நீக்கி உடைத்தது) 200 கிராம், வெங்காயம் 150 கிராம், கேரட் 150 கிராம், தக்காளி 200 கிராம், பூண்டு 3 பல், சீரகம் 1 டீஸ்பூன், எண்ணெய் 2 டீஸ்பூன், தண்ணீர் 1 லிட்டர், தூள் உப்பு ஒன்றரை டீஸ்பூன், எலுமிச்சை பாதி.

பருப்பைத் தண்ணீர் தெளியும்வரை கழுவவும். ஊற வைக்க வேண்டாம். அடி கனமான பாத்திரத்தில் எண்ணெயைச் சூடாக்கிச் சீரகம் போடவும். படபடவென்று வெடித்ததும் வெங்காயம், கேரட் சேர்த்து, அடி பிடிக்கும்போதெல்லாம் தண்ணீர் தெளித்து, விளிம்பு பழுப்பாகும்வரை வதக்கவும், சுமார் 10 நிமிடம். நசுக்கிய பூண்டைப் போட்டு அரை நிமிடம், அப்புறம் நறுக்கிய தக்காளியைப் போட்டு அது குழையும்வரை. பருப்பும் தண்ணீரும் சேர்த்துக் கொதி வந்ததும் மேலே வரும் நுரையை எடுத்துவிட்டு, தீயைக் குறைத்து, பாதி மூடி, 20 நிமிடம். ஒரு பருப்பை விரலால் அழுத்தினால் நடுவில் கடினமாக எதுவும் இருக்கக் கூடாது. உப்பைச் சேர்த்துக் கரண்டியாலேயே பாதி மசிக்கவும். இறக்கியபின் எலுமிச்சை. ஆறினால் கெட்டியாகும், மறுநாள் சூடாக்கும்போது அரை கப் வெந்நீர் ஊற்றவும்.

கடைசி வரியை அவள்தான் சேர்க்கச் சொன்னாள். அதற்காக ஐந்தாவது தடவை போன் செய்தாள்.